பாஸ்தா வெந்த தண்ணீர்

தண்ணீரில் போட்ட உப்பு தண்ணீரோடுதானே போகும் என்று மாப்பிள்ளை உண்மையிலேயே நம்பினானா என்று கேட்டால், முதல் வாரம் நம்பினான் என்றுதான் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் நம்ப ஆசைப்பட்டான். இரண்டும் ஒன்றில்லை என்று அவனுக்கே தெரியும். தெரிந்துகொண்டே செய்கிறவனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை ஃப்ரேமுக்குத் தகுந்தாற்போல் அறுத்து, ஓரத்தை இழைத்துப் பொருத்திக் கொடுக்க வேண்டும். காலையில் சீக்கிரம் போய், மத்தியானம் தாண்டியதும் வீட்டுக்கு வந்துவிடுவான். மனைவி மருந்துக் கடையில் நிற்கிறாள், அவள் வந்து சேர நன்றாக இருட்டிவிடும். அதனால் ராத்திரிச் சமையல் அவன் தலையில். அவளை அவள் அப்பா பாப்பா என்று கூப்பிடுவார். கேட்டுக் கேட்டு இவனுக்கும் அவள் பாப்பாவாகிவிட்டாள்.

அந்த அப்பாதான், அதாவது மாமனார், இந்த வருஷம் இவர்களோடு வந்து தங்கியிருக்கிறார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல உயரம், நல்ல குரல், அதைவிட நல்ல வாய். கல்யாணப் பேச்சு நடந்தபோது, "கண்ணாடி துடைக்கிறவனுக்கா என் பொண்ணு?" என்று கேட்டவர். கேட்டதை மறந்துவிட்டார். மாப்பிள்ளை மறக்கவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து தன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்து அவன் கேட்டதில்லை.

வந்த இடத்தில் அவருக்கு இதயம் மக்கர் பண்ணியது. டாக்டர் பக்கத்தில் உட்காரவைத்து, உங்கள் இதயம் களைத்துப்போயிருக்கிறது, உப்பைக் கண்ணில் காட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். பாப்பாவுக்கு இது போதாதா? மருந்துக் கடைக்காரி. மாத்திரை அட்டையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடாமல் படிக்கிறவள். அன்றைக்கே உப்பு டப்பா மேல் தட்டுக்குப் போனது. வீட்டுக்கு வரும் எந்தப் பாக்கெட்டையும் திருப்பி, பின்பக்கம் படித்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள்.

கிழவருக்கு நாக்கு செத்துப்போயிற்று. தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு வாய் வைப்பார், போதும் என்பார். சட்டை தொளதொளத்தது. பாப்பா ஊட்டிவிடாத குறைதான். கெஞ்சினாள், அதட்டினாள், குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். உப்பு தின்றால் சாவார், தின்னாவிட்டால் பட்டினியில் சாவார் என்று ஒரு நாள் அவள் சொன்னபோது மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

பாஸ்தா வந்தது இப்படித்தான். கடையில் கூட வேலை செய்கிற ஒருத்தன் ஃபோனில் ஒரு இத்தாலிக்காரம்மாவின் சமையலைக் காட்டினான். அந்தம்மா ஒரு ஆர்ப்பாட்டமும் செய்யவில்லை. பூண்டை மெல்லிசாக அரிந்து, ஆலிவ் எண்ணெயில் போட்டு, அடுப்பைச் சின்னதாக்கி, நிறம் மாறுவதற்குள் கொஞ்சம் மிளகாய்த் தூள் தூவினாள். பக்கத்தில் பெரிய பாத்திரத்தில் பாஸ்தா வெந்தது. முக்கால் பதம் வந்ததும் தூக்கி எண்ணெயில் போட்டு, வெந்த தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றிப் புரட்டினாள். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பளபளவென்று பாஸ்தா மேல் ஒட்டிக்கொண்டது. அவ்வளவுதான் சமையல். இதற்கு ஏன் ஹோட்டலில் சொத்தையே எழுதி வாங்குகிறார்கள் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

அன்று சாயங்காலமே செய்து பார்த்தான். உப்பில்லாமல்தான். பூண்டு மணம் வீடு முழுக்க நின்றது, மாமனார்கூட எட்டிப் பார்த்தார். ஆனால் வாயில் வைத்தால் ஊறிப்போன காகிதம். அவர் ஒரு வாய் மென்றுவிட்டு, முள்கரண்டியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுபடி ஃபோனைப் பார்த்தான். அந்தம்மா தண்ணீரில் கைநிறைய உப்பை அள்ளிப் போட்டு, கடல் தண்ணீர் மாதிரி இருக்கணும் என்று சிரித்தாள். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. உப்பு போவது தண்ணீரில். தண்ணீர் போவது சாக்கடையில். பாஸ்தாவோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்? கழுவின தட்டில் ஒட்டுகிற ஈரம் மாதிரி கொஞ்சூண்டு. படித்தவன், லென்ஸில் முடி அளவு பிசகினாலும் கண்டுபிடிக்கிறவன், இந்தக் கணக்கை இப்படிப் போட்டான். மேல் தட்டிலிருந்து உப்பு டப்பா இறங்கியது.

அன்று மாமனார் தட்டை வழித்துச் சாப்பிட்டார். இன்னும் இருக்கா என்று கேட்டார். மாப்பிள்ளை அடுப்படிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் வர முடிந்தது, கண் கலங்கிவிட்டது. பாப்பா வந்து அப்பாவின் தட்டு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, உப்பு போட்டீங்களா என்பதுதான். போடலை என்றான். தாளிப்பில் அவன் ஒரு துளி போடவில்லைதான். அவளும் அவனை முழுசாக நம்பினாள். அவள் பங்கு பாஸ்தாவில் அவன் சீஸைத் துருவிப் போட்டுக் கொடுத்தான். உப்பாக இருந்தால் அது சீஸ் என்று அவள் நினைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு சீஸ் போடாதீங்க, அதுல உப்பு இருக்கு என்று எச்சரிக்கை வேறு செய்தாள். சே சே, போடுவேனா என்றான்.

அதன் பிறகு வீடே மாறிவிட்டது. ஒரு நாள் பூண்டு எண்ணெய், ஒரு நாள் தக்காளி. தக்காளியை நசுக்கி, வெங்காயத்தை இரண்டாகப் பிளந்து அப்படியே போட்டு, உப்பில்லாத வெண்ணெய் ஒரு கட்டி சேர்த்துக் கொதிக்கவிடுவான். இன்னொரு நாள் மிளகை வறுத்து இடித்து வெண்ணெயில் போட்டு, வெந்த தண்ணீர் ஊற்றிப் புரட்டுவான். தண்ணீர் இல்லாமல் எதுவும் சேராது. ஒரு கரண்டி ஊற்றியவன், பளபளப்பு நன்றாக வருகிறதே என்று இரண்டு கரண்டி ஊற்ற ஆரம்பித்தான். சாக்கடைக்குப் போகவேண்டிய தண்ணீர் இப்போது தட்டுக்கு வருகிறது என்பது அந்தச் சமயத்தில் அவன் மண்டையில் உறைத்தது. உறைத்தும் ஊற்றினான்.

ஏன் ஊற்றினான் என்றால், மாமனார் அவனைப் புகழ ஆரம்பித்துவிட்டார். தினமும் சாயங்காலம் லிஃப்ட்டில் இறங்கி, தெருமுனையில் செருப்பு தைக்கிறவர் பக்கத்தில் போய் உட்காருவது அவர் வழக்கம். லிஃப்ட் இறங்கும்போது அது போடும் சத்தத்தைக் கேட்டு, எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று காவல்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வெளியே போவார். அங்கே போய், "உப்பே இல்லாம ருசி கொண்டுவர்ற கை எங்க மாப்பிள்ளை கை" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாராம். செருப்பு தைக்கிறவர் மாப்பிள்ளையை நிறுத்தி விசாரித்தார். அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கண்ணாடி துடைக்கிறவன் என்று சொன்ன வாய் அல்லவா அது?

அடுத்து நடந்ததை நீட்டி முழக்க வேண்டாம். கிழவரின் கால் வீங்கியது. செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு வாங்கியது, நாற்காலியிலேயே உட்கார்ந்து தூங்கினார். ஒரு விடியற்காலை மூச்சுக்குத் தவித்தவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உடம்பில் நீர் கோத்திருக்கிறது என்றார் டாக்டர். உப்பு சாப்பிடுகிறாரா என்று கேட்டார். வாய்ப்பே இல்லை என்று பாப்பா அடித்துச் சொன்னாள். வீட்டில் சாப்பிடாவிட்டால் வெளியே சாப்பிடுகிறார் என்று டாக்டர் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மாப்பிள்ளை சுவரோரமாக நின்றான்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தான். முதலில் அவர் பிழைக்கட்டும், அப்புறம் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். அவர் பிழைத்தார். அதற்குள் பாப்பா அவருடைய சட்டைகளைத் துவைக்கப் போட எடுத்தபோது, ஒரு பையில் வறுத்த வேர்க்கடலைப் பாக்கெட் இருந்தது. காலி பாக்கெட், உப்புக் கடலை. அது போதும் அவளுக்கு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே அவள் பாக்கெட்டை அவர் முன்னால் வைத்தாள். செருப்பு தைக்கிறவருக்கு வாங்கினது, நான் ஒண்ணுகூட வாயில் போடவில்லை, காகிதத்தைத் தெருவில் வீசக்கூடாதென்று பையில் வைத்தேன் என்றார் அவர். அவள் நம்பவில்லை. அவள் அம்மா மேல் சத்தியம் பண்ணினார். செத்துப்போன அம்மாவை இதுக்கு இழுக்காதீங்க என்றாள். கடைசியில், "திருட்டுத்தனமா தின்னுட்டு என்கிட்டயே பொய் சொல்றீங்களாப்பா" என்று கேட்டுவிட்டாள். அந்த உயரமான மனுஷர் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார். மாப்பிள்ளை துணி மடித்துக்கொண்டிருந்தான். மடித்த துண்டையே பிரித்துப் பிரித்து மடித்தான்.

அன்றோடு கிழவர் கீழே போவது நின்றது. காசு அவர் கையில் இருக்கக்கூடாது, தனியாக லிஃப்ட்டில் ஏறக்கூடாது என்று பாப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வெளிக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனாள், இன்னொரு சாவி மாப்பிள்ளையிடம் இருந்தது. அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். மாத்திரையை எடுத்து வைப்பாள், தண்ணீர் வைப்பாள், வார்த்தை மட்டும் வைக்க மாட்டாள். அவர் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வெளியே லிஃப்ட் வந்து நிற்கும் சத்தத்தைக் கேட்டபடி நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

இதில் கொடுமை என்னவென்றால், மாப்பிள்ளை பாஸ்தா தண்ணீரில் உப்பு போடுவதை நிறுத்திவிட்டான். அதனால் வீக்கம் வற்றியது. கிழவருக்குக் கணுக்கால் எலும்பு மறுபடி தெரிந்தது. பாப்பா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மாப்பிள்ளையிடம், வெளியே விடாததுனாலதான் வத்துச்சு, இனிமே விடவே மாட்டேன் என்றாள். அவன் செய்த ஒரே யோக்கியமான காரியம் கிழவர் மேல் இருந்த பழியை இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டது.

கிழவரோ, நோய் வந்து நாக்கு மறுபடி செத்துப்போய்விட்டது என்று நினைத்தார். மாப்பிள்ளை செய்வதில் குறை இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. உங்க கையில ஒண்ணும் குறைச்சல் இல்ல மாப்பிள்ளை, எனக்குத்தான் குடுத்து வைக்கலை என்று சமாதானம் சொல்லிவிட்டு, காகிதம் மாதிரி இருந்ததை மென்று முழுங்கினார். அதைக் கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருப்பதற்கு அவர் செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம். மாப்பிள்ளைக்குத் தன்னைப் பார்க்கவே கூசியது. பல் தேய்க்கும்போது கண்ணாடியைப் பார்க்காமல் தேய்த்தான்.

கடையில் ஒரு பெண்ணின் லென்ஸைக் கோணம் தப்பி அறுத்துவிட்டான். இத்தனை வருஷத்தில் அப்படி ஒரு தப்பு அவனுக்கு நேர்ந்ததில்லை. முதலாளி ஒன்றும் சொல்லாமல் வேறு லென்ஸ் எடுத்துக் கொடுத்தார். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அன்று தீர்மானமாக வீட்டுக்குப் போனான். பாப்பா அசந்துபோய் வந்தாள், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவன் தோளில் சாய்ந்துகொண்டு, நீங்க மட்டும் இல்லாட்டி நான் என்ன ஆகியிருப்பேன், எங்கப்பாவே என்னை ஏமாத்திட்டார் என்றாள். நாக்கு நுனி வரைக்கும் வந்தது தொண்டைக்குத் திரும்பிப் போய்விட்டது. கோழை. வேறு என்ன சொல்ல?

ஒரு விடுமுறை நாள் சாயங்காலம். பாப்பா மேஜையில் உட்கார்ந்து, வாரத்துக்கான மாத்திரைகளைக் கட்டம் போட்ட டப்பாவில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை அடுப்படியில் பூண்டு அரிந்துகொண்டிருந்தான். பாஸ்தா கொதித்துக்கொண்டிருந்தது, வெறும் தண்ணீரில். மாமனார் ஜன்னல் பக்கமிருந்து எழுந்து மேஜைக்கு வந்து, அவளுக்கு எதிரில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாப்பா, கடலையை நான்தான் தின்னேன்."

அவள் கை நின்றது.

"தினமும் தின்னேன். செருப்பு தைக்கிறவர் பேர்ல சும்மா பழி போட்டேன். அம்மா மேல பொய்ச் சத்தியம் பண்ணினேன். நான் பண்ணினது தப்புதாம்மா. என்கிட்ட பேசு."

பாப்பா எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டாள். இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் இவ்வளவு பண்ணியிருப்பேனாப்பா என்று அழுதாள். அவர் அவள் தலையைத் தடவிக்கொடுத்தார். நாளைக்கே கீழே போகலாம், நானும் கூட வருகிறேன், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம் என்றாள். கிழவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிள்ளை பேசிவிட்டது, அவருக்கு அதுபோதும்.

எல்லாம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை வாயைத் திறக்காமல் பூண்டை அரிந்தால் போதும். யாரும் அவனை ஒரு கேள்வி கேட்கப் போவதில்லை. அப்பாவும் மகளும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள், உப்பும் நின்றுவிட்டது, உடம்பும் தேறிவிட்டது. அவனுக்கு ஒரு நிமிஷம், கடவுளே தப்பித்தோம் என்றுகூடத் தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதுதான் அவனை உலுக்கியது. செய்யாத தப்பை ஒரு வயசானவர் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறார், இவனுக்கு நிம்மதியாம். அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வந்தான்.

"மாமா ஒண்ணும் தின்னலை. நான்தான் உப்பு போட்டேன். பாஸ்தா தண்ணியில. அவருக்கு உடம்பு முடியாம போற வரைக்கும், கை கையா."

இருவரும் அவனைப் பார்த்தார்கள். ஒன்று விடாமல் சொன்னான். அந்த முதல் நாள் காகித ருசி, சாக்கடைக் கணக்கு, இரண்டு கரண்டித் தண்ணீர், சீஸ் போட்டு அவளை நம்பவைத்தது, ஆஸ்பத்திரிச் சுவரோரமாக நின்றது. பூசி மெழுகவில்லை. அவர் புகழ்ந்ததால் விட முடியவில்லை என்பதையும் சொன்னான்.

பாப்பா கத்தவில்லை. நான் கேட்டப்ப எல்லாம் போடலைன்னு சொன்னீங்களே என்றாள். தாளிப்புல போடலை என்று சொல்ல வாயெடுத்து, வெட்கமாகி நிறுத்திக்கொண்டான்.

"அப்பாவைத் திருட்டுத்தனம் பண்றீங்கன்னு கேட்டேன். நீங்க பக்கத்துல நின்னு துணி மடிச்சிட்டு இருந்தீங்க."

ஆமாம் என்றான். அவள் அப்பா பக்கம் திரும்பினாள். தின்னாததை ஏன் தின்னேன்னு சொன்னீங்க என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

"நீ பேசலையேம்மா" என்றார் அவர்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமனார் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார், குறைந்தபட்சம் வைது தீர்ப்பார் என்று மாப்பிள்ளை காத்திருந்தான். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் இவன் பக்கம் திரும்பி, மெதுவாக, மகளுக்குக் கேட்டுவிடக் கூடாதே என்கிற குரலில் சொன்னார்.

"நான்தான் ஒத்துக்கிட்டேனே மாப்பிள்ளை. அதோட போயிருக்கும். இப்ப பாருங்க, அவ அழறா."

மாப்பிள்ளை திரும்பி அடுப்படிக்குப் போனான். பாஸ்தா தண்ணீரிலேயே கிடந்து குழைந்துபோயிருந்தது. அதை வடித்து, பூண்டு எண்ணெயில் புரட்டினான். மூன்று தட்டில் ஒரே மாதிரி வைத்தான், யாருக்கும் சீஸ் போடவில்லை. பாப்பா முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். முள்கரண்டியால் ஒரு வாய் எடுத்துப் போட்டு, நிதானமாக மென்று, முழுங்கி, கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அதற்குப் பிறகுதான் தட்டை அவரிடம் நகர்த்தி, சாப்பிடுங்கப்பா என்றாள்.

மறுநாளிலிருந்து மாமனார் பழையபடி தனியாகக் கீழே போய் வருகிறார். கதவைப் பூட்டுவதில்லை, சட்டைப் பையைத் துழாவுவதில்லை. பாப்பா மாப்பிள்ளையோடும் பேசுகிறாள், சிரிக்கிறாள், கடையில் நடந்ததைச் சொல்கிறாள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவன் தட்டை வைத்ததும் அவள் கை நீண்டு அப்பாவின் தட்டை இழுக்கும். கோபத்தில் அல்ல, மாத்திரை எடுத்து வைப்பது மாதிரி ஒரு வேலையாக. முதலில் சில நாள் அவன், போடலை பாப்பா என்று சொல்லிப் பார்த்தான். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, ருசி பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். அப்புறம் அவன் சொல்வதை விட்டுவிட்டு, தட்டை அவள் முன்னாலேயே வைக்கப் பழகிக்கொண்டான்.